கிழக்குச் சுவர்

"சபையை வளர்ச்சிக்கு எப்படி ஆயத்தப்படுத்தணும்? அதைக் கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றார் ஞானாபரணம் ஐயர்.

எப்சிபா அக்கா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

மலையடிவாரத்தில் இருந்த அந்தச் சின்ன கிறிஸ்தவ ஆசிரமத்துக்கு அவர்தான் பொறுப்பு. வயது நாற்பதைத் தாண்டியிருக்காது. ஆனாலும் தலை நரைத்த குருமார்கூட அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஞானாபரணம் ஐயர் ஒரு கிராமச் சபையின் போதகர், சீக்கிரத்தில் ஓய்வுபெறப் போகிறவர். மனசுக்கு ஒன்று பிடிபடவில்லை என்றால் பஸ் ஏறி இங்கே வந்துவிடுவார். பெரும்பாலும் பதில் கிடைக்காது. வேலைதான் கிடைக்கும்.

"உக்காருங்கய்யா" என்று ஒரு கட்டுக் கீரையை அவர் பக்கம் தள்ளினார் அக்கா.

ஐயர் உட்கார்ந்து உருவ ஆரம்பித்தார். இலையைவிடக் காம்புதான் அதிகம் விழுந்தது.

"சபை வளர்ந்திருக்கா?"

"நல்லா வளர்ந்திருக்குக்கா. பண்டிகைன்னா பாதி ஜனம் வெளியே வேப்பமரத்தடியிலதான் நிக்கி. அதான் கோயிலைக் கிழக்கால நீட்டிக் கட்டப்போறோம். பீடம் வைக்கிற புது ஆல்டர் அங்கதான் வருது."

"என்னென்ன ஆயத்தம் பண்ணியிருக்கீங்க?"

ஐயருக்கு உற்சாகம் வந்துவிட்டது. கீரையை மறந்தார்.

"உபவாச ஜெபம் முடிச்சிட்டோம். தெருத்தெருவா வீட்டு ஜெபம் வச்சோம். கோயில் எப்படி வரப்போகுதுன்னு கலர்ப் படம் அடிச்சு வாசல்ல மாட்டியிருக்கோம். இப்பல்லாம் வளர்ச்சியைப் பத்தி மட்டுந்தான் பிரசங்கம்."

"பிறகென்ன, எல்லாரும் ஆயத்தந்தானே?"

"ஒரே ஒரு ஆளைத் தவிர."

அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

ஐயர் சொன்னார். கோயிலின் கிழக்கு மதில் சுவருக்கு வெளியே ஒரு துண்டு நிலம். சபையின் நிலந்தான். கல்லறைத் தோட்டத்துக்குள் இடம் மறுக்கப்பட்டவர்களை அங்கேதான் புதைப்பது வழக்கம். ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைகள், தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டவர்கள். பழைய குழிகள் எல்லாம் மண்ணோடு மண்ணாகப் போய்விட்டன. ஒரு மேடு மட்டும் இருக்கிறது. மாவு மில் தவசிமுத்துவின் மகள் ஜெபக்கனி.

கிணற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போன பெண் திரும்பி வரவில்லை. மழைக்காலம், படியெல்லாம் பாசி, வழுக்கி விழுந்துவிட்டாள் என்றார் தவசிமுத்து. குதித்துவிட்டாள் என்றது ஊர். பார்த்தவர் ஒருவரும் இல்லை. ஊர் சொன்னதே நின்றது.

"ஆல்டருக்கு அடியில அந்தக் குழி இருக்கக் கூடாதுங்குது கமிட்டி. பெத்தவர் சம்மதிக்காமத் தோண்டவும் பயப்படுது."

"அவரு என்ன சொல்லுதாரு?"

"வாயே தொறக்க மாட்டேங்காரு. உம்ம மகளைக் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே கொண்டு போறோம், சிமெண்டுல கட்டி அழகாப் பேரு பொறிச்சுத் தாறோம்னு சொல்லிப் பாத்தாச்சு. எந்திரிச்சுப் போயிருதாரு."

"தோட்டத்துக்குள்ளேயா?"

"ஆமா."

"அன்னைக்கு ஏன் அங்க வைக்கல?"

"சபை ஒழுங்கு விடலக்கா. உங்களுக்குத் தெரியாததா?"

"இப்ப விடுதா?"

ஐயர் சிந்திக் கிடந்த காம்புகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினார்.

அக்கா விடவில்லை.

"அன்னைக்குக் குழியில யாரு ஜெபம் பண்ணுனா?"

"யாரும் இல்ல."

"நீங்க எங்க இருந்தீங்க?"

"வீட்ல. மாடி ஜன்னல் வழியாப் பாத்துட்டு நின்னேன்." ஐயரின் குரல் இறங்கிவிட்டது. "அவரும் அவரு தம்பியுந்தான் வெட்டுனாங்க. வெட்ட வெட்டக் குழியில தண்ணி ஊறுச்சு. செம்பால கோரிக் கோரி வெளியே ஊத்துனாங்க. கிணத்துல செத்த பிள்ளையைத் தண்ணிக்குள்ள வைக்க அவருக்கு மனசில்ல போல."

"பிறகு?"

"தண்ணி நிக்கல. அப்படியே வச்சிட்டாங்க."

"பிள்ளையை உங்களுக்குத் தெரியுமா?"

"என்கிட்டதான் வேதம் படிக்கத் திடப்படுத்தல் வகுப்புக்கு வந்தா. முன்னால உக்காந்து கேள்வி கேட்டுட்டே இருப்பா. எனக்குப் போகணும்னுதான் இருந்துச்சுக்கா."

"போகல."

"போகல."

அக்கா முறத்தைத் தட்டி வைத்துவிட்டு எழுந்தார்.

"வாங்க, உங்க ஊருக்குப் போவோம். ஆனா ஒண்ணு. அங்க வந்து நீங்க ஒரு வார்த்தை பேசப்படாது."

"பேசாம எப்படிக்கா சம்மதம் வாங்குறது?"

"பேசித்தான் வாங்க முடியலையே."

ஞானாபரணம் ஐயர் இழவு வீட்டுக்குப் போனாலும் முக்கால் மணி நேரம் பேசுகிறவர். அவருக்கு இது பெரிய தண்டனை. ஆனாலும் கிளம்பினார்.

*

பஸ் இறங்கும்போது வெயில் தாழ்ந்திருந்தது.

கோயில் வளாகத்துக்குள் நுழையாமல், அக்கா மதிலை ஒட்டிச் சுற்றிக்கொண்டு கிழக்கே நடந்தார். ஐயர் பின்னால் போனார். முள்ளும் சரளையுமான பாதை. இத்தனை வருடத்தில் இந்தப் பக்கம் அவர் கால் பட்டதில்லை.

மதிலின் உட்புறம் அவருக்கு நன்றாகத் தெரியும். வருடா வருடம் வெள்ளையடித்து, நீல எழுத்தில் வசனம் எழுதுவார்கள். இந்தப் பக்கம் பூச்சே இல்லை. செங்கலுக்கு நடுவே காரை பிதுங்கி வழிந்து அப்படியே இறுகியிருந்தது. மேலே உடைந்த கண்ணாடிச் சில்லுகள்.

மண்மேடு சின்னதாக இருந்தது. தலைமாட்டில் மருக்கொழுந்து தழைத்திருந்தது. ஆல்டருக்காக இஞ்சினியர் போட்டுவிட்டுப் போன சுண்ணாம்புக் கோடு அதைச் சுற்றிலும் வளைத்துப் போயிருந்தது.

அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். ஐயரும் வெள்ளை அங்கியோடு மண்ணில் உட்கார்ந்தார். கீழே இருந்து பார்க்கும்போது அந்தச் சுவர் ரொம்ப உயரமாகத் தெரிந்தது.

சற்று நேரத்தில் தவசிமுத்து வந்தார். புருவத்திலும் காதோர முடியிலும் மாவு அப்பியிருந்தது. இடுப்பில் ஒரு குடம். இருவரையும் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"வாங்க" என்றார் அக்கா.

அவர் ஐயரைப் பார்த்தார். சிமெண்டு, பேர் பொறிப்பது எல்லாம் திரும்பவும் வரப்போகிறது என்று நினைத்திருப்பார். காத்து நின்றார்.

ஐயர் பேசவில்லை.

தவசிமுத்து குனிந்து செடிக்குத் தண்ணீர் விட்டார். கொஞ்சங் கொஞ்சமாக, மேட்டின் மேல் தெறிக்காமல் விட்டார். ஓரமாக ஒரு துளி ஓடியதைக்கூட உள்ளங்கையால் மறித்து வழித்துவிட்டார். அந்த மண்ணுக்கு மேல் தண்ணீர் போகக் கூடாது அவருக்கு.

ஐயர் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

வாய் திறந்தார். அக்கா திரும்பிப் பார்த்தார். ஐயர் திறந்த வாயை மூடிக்கொண்டார்.  அடுத்த நிமிடம் உடைந்து அழுதார். அங்கியால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, மூக்கு ஒழுக அழுதார். எத்தனையோ சாவுக்கு முன்னால் கலங்காமல் நின்ற மனுஷர்.

தவசிமுத்துவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. குடத்தை இறக்கி வைத்துவிட்டு, அவரும் மண்ணில் உட்கார்ந்தார்.

"அழாதீங்கய்யா" என்றார்.

ஐயர் நிறுத்தவில்லை.

"நான் கோயில் கட்ட வேண்டாம்னு சொல்லலய்யா. ஒருநாளும் சொன்னதில்ல."

"பிறகு ஏன் ஒண்ணுமே பேசாம இருந்தீங்க?" என்று கேட்டார் அக்கா.

தவசிமுத்து சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்தார்.

"பயம்மா. வாயத் தொறந்து எதையாவது சொல்லப்போயி, பிளான மாத்தி மேக்க கட்டிட்டாவன்னா?"

"மேக்க கட்டுனா உங்களுக்கு என்ன?"

"ஆல்டர் இங்கனதான் வருதுன்னு கோடு போட்டுட்டுப் போனாவ. வீட்ல போயிச் சொன்னேன். அன்னைக்குத்தாம்மா எம் பொண்டாட்டி கண்ணசந்து தூங்குனா."

ஐயரின் அழுகை நின்றது. தலை நிமிர்ந்தார்.

தவசிமுத்து இரண்டு கையையும் கூப்பிவிட்டார்.

"அவள எங்கயும் தூக்கிட்டுப் போவாதீங்கய்யா. அவளைத்தான் கோயிலுக்குள்ள விடல. இப்ப கோயிலு அவகிட்ட வருது. அதை மறிச்சிராதீங்க."