மூன்று தோட்டத்து மருந்து

மூன்று தோட்டங்கள், முப்பது தேனீப் பெட்டிகள், ஒரே ஒரு பிற்பகல். கதை இவ்வளவுதான். ஆனால் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

ரோஸ்லெட்டுக்கு ஊர் மார்த்தாண்டம். முருங்கை பூக்கும் காலத்தில் தேனீப் பெட்டிகளை லாரியில் ஏற்றிக்கொண்டு அரவக்குறிச்சிப் பக்கம் வருவாள். இந்த வருஷம் மூன்று தோட்டங்கள் கூடும் மூலையில், ஒரு வேப்பமரத்தடியில் பெட்டிகளை இறக்கியிருந்தாள்.

அன்று விடிந்ததும் பெட்டிகளின் வாசல்களைத் திறந்துவிட்டாள். வெயில் ஏறும் வரை தேனீக்கள் பூவுக்கும் பெட்டிக்குமாகப் போய் வந்தன. கால்களில் மஞ்சள் மகரந்த உருண்டைகள். ஒரு குறையும் தெரியவில்லை. உச்சி வேளையில் அனல் அடித்தது. தேனீக்கள் வாசலில் கூடி, இறக்கையால் விசிறிப் பெட்டியைக் குளிர வைக்கத் தொடங்கின. பூவுக்குப் போவது அநேகமாக நின்றுபோயிற்று. ஒரு கூட்டம் மட்டும் எங்கோ போவதும் போன வேகத்தில் திரும்புவதுமாக இருந்தது.

இரண்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பெட்டிகளின் முன்னால் தரையே கறுத்துக் கிடந்தது. அத்தனையும் செத்த தேனீக்கள். உயிர் போகாதவை கிடந்த இடத்திலேயே சுழன்றுகொண்டிருந்தன. ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். நாக்கு வெளியே நீண்டிருந்தது. பூச்சிமருந்தின் வேலை. பத்து, இருபது என்று புரட்டிப் பார்த்தாள். ஒன்றின் காலிலும் மகரந்தம் இல்லை.

பெட்டிகளை ஏற்றிப்போக லாரி வர இன்னும் இரண்டு நாள் ஆகும். அதுவரை வாசலை அடைத்து வைத்தால், இந்த வெயிலில் உள்ளேயே வெந்து சாகும். திறந்துவிட்டாலோ, மிச்சமிருப்பவை நாளைக்கும் அதே இடத்துக்குப் போகும். எந்த இடம்? பொழுது சாய்வதற்குள் அது தெரிந்தாக வேண்டும்.

முதலில் நாச்சிமுத்துவின் பூசணிக்காட்டுக்குப் போனாள். மருந்து நெடி இன்னும் மூக்கைத் துளைத்தது. காற்று பெட்டிகள் பக்கமிருந்து காட்டுக்குள் வீசிக்கொண்டிருந்தது.

“அண்ணே, இன்னைக்கு மருந்து அடிச்சீங்களா?”

“பன்னெண்டு மணிக்கு அடிச்சேன். என்ற காட்டுல மருந்தடிக்க உன்ற ஈகிட்ட பர்மிஷன் வாங்கோணுமா அம்மணி?”

“முப்பது பெட்டிக்கு முன்னாலயும் செத்துக் கிடக்குது அண்ணே.”

“அதுக்கு நானா? இந்நேரத்துல ஒரு பூசணிப் பூவாச்சும் விரிஞ்சிருக்கா, காட்டு பாக்கலாம்!”

அவள் பார்த்தாள். விடியலில் விரிந்த பூவெல்லாம் அவர் மருந்தடிக்கும் முன்பே சுருங்கிவிட்டிருந்தது.

அடுத்தது துளசிமணியின் சூரியகாந்தித் தோட்டம். “கிளி ஒரு பக்கம் தின்னுது, புழு ஒரு பக்கம் தின்னுது. காலையில ஒம்பது மணிக்கு அடிச்சனுங்க” என்ற துளசிமணியின் முகம் சட்டென்று வாடியது. “ஐயோ, உங்ககிட்டச் சொல்லியிருக்கோணுமா? எனக்குத் தோணவே இல்லைங்களே!” தோட்டத்தில் இதழ்கள் எல்லாம் உதிர்ந்து, மணி பிடித்த தலைகள் கவிழ்ந்து நின்றன.

மூன்றாவது சென்னியப்பனின் முருங்கைத் தோட்டம். பெட்டி இறக்கிய அன்றே, “சொல்லாம மருந்தடிக்க மாட்டேன், பகல்ல அடிக்க மாட்டேன், பூவுல அடிக்க மாட்டேன்” என்று வாக்குக் கொடுத்தவர் அவர். நேற்றுக் காலையே வந்து சொல்லிவிட்டார். அவள் அந்தியில் எல்லா வாசலையும் அடைத்த பிறகுதான் மருந்தடிக்கும் கேனைத் தோளில் மாட்டினார்.

“கம்பளிப்புழு அடிமரத்துல அப்பிக் கிடந்துச்சு. அங்க மட்டுந்தான் அடிச்சேன். பூவுல ஒரு சொட்டு படலை அம்மணி. கேன் கழுவுன தண்ணி மாட்டுத் தொட்டியில தெறிச்சிரக் கூடாதுன்னு, அதைக்கூடக் குழாயடிக் கல்லுல வச்சுத்தான் கழுவினேன்.”

அந்தக் குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது. கல்லைச் சுற்றிய மண் அந்த வெயிலிலும் காயவில்லை.

சென்னியப்பன் அவளோடு வேப்பமரத்தடிக்கு வந்து, செத்துக் கிடந்தவற்றின் முன்னால் குந்தினார். பிறகு துண்டை உதறித் தலையில் கட்டினார். “இது அந்த நாச்சிமுத்து வேலைதான். வா அம்மணி, நானும் வர்றேன். நாலு வார்த்தை கேட்டுட்டு வருவோம்.”

ஒருவர் எதற்கும் கட்டுப்படாமல் அடித்தார். ஒருவர் தெரியாமல் அடித்தார். ஒருவர் கொடுத்த வாக்குத் தவறாமல் அடித்தார். ரோஸ்லெட்டின் தேனீக்களைக் கொன்றது இவர்களில் யாருடைய மருந்து?

விடை: சென்னியப்பனுடையது. பூசணியிலும் சூரியகாந்தியிலும் தேனீக்குப் பூவே இல்லை. முருங்கைப் பூவில் நஞ்சு இருந்திருந்தால் காலையிலேயே செத்திருக்கும். காலில் மகரந்தம் இல்லாமல், உச்சி வெயிலில் போன வேகத்தில் திரும்பியவை தண்ணீர் எடுக்கப் போனவை. வெயில் நேரத்தில் பெட்டியைக் குளிர வைக்கத் தேனீக்குத் தண்ணீர் வேண்டும். ஆழமான தொட்டியில் இறங்கினால் மூழ்கிவிடும் என்பதால் அது ஈர மண்ணைத்தான் தேடிப் போய் உறிஞ்சும். மாட்டுக்கு ஆகாது என்று ஒதுக்கிக் கழுவிய நஞ்சு அந்த ஈர மண்ணில்தான் இறங்கியிருந்தது. இனி அந்தக் குழாயை அடைத்து, சேற்றை வெட்டிப் புதைத்து, காய்ந்த மண்ணைக் கொட்ட வேண்டும். வேப்பமரத்தடியில் அகலத் தட்டுகளில் கூழாங்கல் போட்டு நல்ல தண்ணீர் வைக்க வேண்டும். இவ்வளவும் இருட்டுவதற்குள் செய்துவிடக்கூடிய வேலைதான். “என்ன அம்மணி, கிளம்பலாமா?” என்றார் சென்னியப்பன். மூவரில் அவளுடைய தேனீக்களுக்காக முன்கூட்டியே கவலைப்பட்டவர் அவர் ஒருவர்தான். ரோஸ்லெட் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, அவர் முகத்தைப் பார்க்காமல், அவருடைய குழாயடியை நோக்கி நடந்தாள்.