வேலமரத்து அழகு வைத்தியர்

ஓணானைக் கண்டதும் கல்லைத் தேடும் பிள்ளைகளே, சற்றுப் பொறுங்கள். இது ஓணான் கதை. கேட்டு முடித்த பிறகும் எறியத் தோன்றினால் அது உங்கள் மனசு.

தண்ணீர் குறைவாகவும் காற்று அதிகமாகவும் இருந்த ஒரு காட்டில், பாறை இடுக்குகளில் ஓணான்கள் கூட்டமாக வாழ்ந்து வந்தன. அவற்றுக்கு ஒரு வழக்கம் உண்டு. வணக்கம் சொல்ல வேண்டுமா, தலையாட்டும். ஆமாம் என்று சொல்ல வேண்டுமா, தலையாட்டும். சம்மதம், சந்தோஷம், சாப்பிட்டாயிற்று, எல்லாவற்றுக்கும் தலையாட்டல்தான். இல்லை என்று சொல்ல மட்டும் தலையை அசைக்காமல் வைத்திருக்க வேண்டும். ஓணானுக்கு அதைவிடக் கஷ்டமான வேலை உலகத்தில் இல்லை. ஆகவே அந்தக் கூட்டத்தில் யாரும் எதையும் மறுத்ததே கிடையாது.

அந்தக் கூட்டத்தில் மஞ்சணத்தி என்று ஓர் ஓணான் இருந்தது. அதற்குத் தன் கழுத்து பிடிக்கவில்லை. தாடைக்குக் கீழே தோல் தளர்ந்து பைபோலத் தொங்கியது. எல்லா ஓணானுக்கும் அப்படித்தான் தொங்கும். சொன்னால் கேட்டால்தானே? பாறைக் குழியில் தண்ணீர் தேங்கும்போதெல்லாம் அது குனிந்து தன் கழுத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடும்.

அதற்குக் கொன்றை என்று ஓர் அக்காள் இருந்தது. அக்காளுக்கும் இதே கவலைதான். போன மழைக்கு முன்பு ஒரு நாள், "வேலமரத்து வைத்தியர்கிட்டப் போய்க் கழுத்தச் சரி பண்ணிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போயிற்று. திரும்பி வரவில்லை.

"அழகு வந்ததும் நம்மள மறந்துட்டா" என்றன மற்ற ஓணான்கள்.

மஞ்சணத்தியும் அதை நம்பியது. அக்காள் மறந்துவிட்டாளே என்று அழுதது. அழுகைக்கு நடுவிலேயே, அக்காளுக்குக் கிடைத்தது தனக்குக் கிடைக்கவில்லையே என்று பொறாமையும் பட்டது. இரண்டும் ஒரே நெஞ்சில் இருக்கத்தான் செய்கின்றன.

கடைசியில் அது ஓடைக்கரை நண்டிடம் போயிற்று. நண்டும் அழகு வைத்தியம் செய்வதுதான். கொடுக்கு கூர்மை, பேச்சு அதைவிடக் கூர்மை.

"தொங்கறத வெட்டலாம்" என்றது நண்டு. "ஆனா வலிக்கும். தழும்பு விழும். கோணினாலும் கோணும். அரணைக்குக் கன்னத்துல செஞ்சேன், ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு. இன்னிக்கும் என்னைத் திட்டிட்டே திரியறா. நீ போய் அவகிட்டயும் கேட்டுட்டு வா. கேட்டப்பறமும் மனசு இருந்தா பார்க்கலாம்."

மஞ்சணத்திக்குச் சப்பென்று ஆகிவிட்டது. தன்னைத் தானே விட்டுக்கொடுத்துப் பேசும் வைத்தியரிடம் யார் கழுத்தை நீட்டுவார்கள்? வந்த வழியே திரும்பிவிட்டது.

வழியில் அணில் எதிர்ப்பட்டது. அணில் எங்கேயும் நிற்காது, எதையும் கிட்டப் போய்ப் பார்க்காது, ஆனால் எல்லாம் தெரிந்ததுபோல் பேசும்.

"நண்டுகிட்டயா போனே? வேலமரத்துக்குப் போ. நான் தூரத்துல நின்னு பார்த்தேன். அங்க போனவங்க எல்லாரும் கிளையில வரிசையா இருக்காங்க. ஒருத்தர் முகத்துலயும் சுருக்கம் கிடையாது. உன் அக்காளும் இருக்கா."

"அக்காளா? நல்லா இருக்காளா?"

"கழுத்து தொங்கவே இல்ல. நான் கூப்பிட்டுக் கேட்டேன். தலையாட்டினா" என்று சொல்லிக்கொண்டே அணில் போய்விட்டது.

தலையாட்டினாள் என்று கேட்டபின் ஓர் ஓணானுக்கு வேறு என்ன சாட்சி வேண்டும்? மஞ்சணத்தி அப்போதே கிளம்பியது.

வேலமரம் காட்டின் ஓரத்தில், பொட்டல் தொடங்கும் இடத்தில் தனியாக நின்றது. மஞ்சணத்தி அங்கே போய்ச் சேர்ந்தபோது உச்சிவெயில். மரத்தடியில் நல்ல நிழல் இருந்தது. ஆனால் அந்த வெயிலிலும் அந்த நிழலில் யாரும் ஒதுங்கியிருக்கவில்லை. ஈக்களின் சத்தம் மட்டும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

கிளைகளில் வெள்ளை வெள்ளையாக நீண்ட முட்கள். முட்களுக்கு நடுவே வைத்தியரிடம் வந்தவர்கள். ஒரு வெட்டுக்கிளி, ஒரு சுண்டெலி, ஒரு பச்சைத் தவளை, பல்லிகள் சில. அணில் சொன்னது சரிதான். யாருடைய தோலும் தொங்கவில்லை. இழுத்துக் காயவைத்ததுபோல் வழவழவென்று இருந்தது.

உயரமான கிளையில் கொன்றை இருந்தது.

"அக்கா" என்று மஞ்சணத்தி கீழிருந்து கூப்பிட்டது. பொட்டலிலிருந்து காற்று ஒரு வீச்சு வீசியது. கொன்றை மெதுவாகத் தலையாட்டியது.

மஞ்சணத்திக்குக் கோபமெல்லாம் கரைந்துவிட்டது. அக்காள் மறக்கவில்லை. அது திரும்பத் திரும்பத் தலையாட்டிக்கொண்டே மரத்தில் ஏறியது.

"பார்த்து வாங்க, முள்ளு இருக்கு" என்று ஒரு குரல் அன்பாகச் சொன்னது.

அதுதான் வைத்தியர். கீச்சான் என்ற பறவை. நம் உள்ளங்கையில் அடங்கிவிடும். சாம்பல் நிறத் தலை, வெள்ளை வயிறு, கண்ணுக்குக் குறுக்கே கறுப்புத் துணி கட்டினதுபோல ஒரு பட்டை. அலகின் நுனி மட்டும் கீழ்நோக்கி வளைந்திருந்தது. அதைக் கிளையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேய்த்துச் சுத்தம் செய்தபடியே பேசியது.

"கழுத்துதானே? பார்த்ததுமே புரிஞ்சுது. உங்க அக்காளுக்கும் அதேதான். கவலைப்படாதீங்க."

"வலிக்குமா?"

"வலியா? யாரும் அப்படிச் சொன்னதில்ல."

"தழும்பு?"

"இதுவரைக்கும் ஒருத்தர் ஒரு குறை சொன்னதில்லம்மா. நீங்களே பாருங்களேன். இங்க வந்தவங்க யாராவது முகத்தச் சுளிச்சிட்டு இருக்காங்களா?"

மஞ்சணத்தி பார்த்தது. யாரும் முகம் சுளிக்கவில்லை.

"ஏன் யாரும் பேச மாட்டேங்கறாங்க?"

"வாயத் திறந்தா தையல் விட்டுரும். அதனாலதான் பேச்சுக்குப் பதிலா தலையாட்டச் சொல்லியிருக்கேன். நீங்க என்ன வேணும்னாலும் கேட்டுக்கலாம். அதுக்கு முன்னாடி இப்படி வந்து இந்தக் கவட்டையில மோவாய வைங்க. நான் சொல்றப்ப ஒரே ஒரு தடவ, நல்லா அழுத்தித் தலையாட்டணும். அதுதான் சம்மதம். சம்மதம் இல்லாம நான் யாரையும் தொடறதே இல்ல."

எவ்வளவு நல்ல வைத்தியர் என்று மஞ்சணத்தி நினைத்துக்கொண்டது. இரண்டு சின்னக் கிளைகள் பிரியும் கவட்டையில் மோவாயை வைத்தது. கீழிருந்து மேல்நோக்கி நின்ற ஒரு நீண்ட முள், தொங்கும் தோலை லேசாகத் தொட்டது. கூசியது. அது அசையாமல் இருந்தது.

தலைக்கு நேர் மேலே அக்காள். எதிர்க்கிளையில் அந்தப் பச்சைத் தவளை.

"அக்கா, நீ நல்லா இருக்கியா?" என்று மஞ்சணத்தி கேட்டது.

காற்று வீசியது. கொன்றை தலையாட்டியது.

"வைத்தியம் பண்ணினப்ப வலிச்சுதா?"

கொன்றை தலையாட்டியது.

மஞ்சணத்தி கேள்வியை மாற்றிக் கேட்டது. "வலிச்சுதா? இல்ல, வலிக்கவே இல்லியா?"

அதற்கும் கொன்றை தலையாட்டியது.

"அவங்க சந்தோஷத்துல ஆட்டறாங்க" என்றது கீச்சான்.

அப்போது காற்று நின்றுவிட்டது. இலைகூட அசையவில்லை.

"அக்கா, நம்ம பாறைக்குத் திரும்பி வரியா?"

கொன்றையின் தலை அசையவில்லை. ஈக்களின் சத்தம் மட்டும் பெரிதாகக் கேட்டது. மஞ்சணத்தி மறுபடி கேட்டது. மறுபடியும் தலை அசையவில்லை. வரமாட்டேன் என்கிறாளா, இல்லை கேட்கவே இல்லையா? அது காத்திருந்தது. கீச்சானும் தலையைச் சாய்த்துக் காத்திருந்தது.

பிறகு பொட்டலிலிருந்து ஒரு பெரிய காற்று கிளம்பி வந்தது. கொன்றை தலையாட்டியது. பல்லிகள் தலையாட்டின. சுண்டெலி தலையாட்டியது. எதிர்க்கிளையிலிருந்த பச்சைத் தவளையும், எல்லாரோடும் சேர்ந்து, ஒரே வேகத்தில், ஒரே பக்கமாகத் தலையாட்டியது.

தவளையிடம் மஞ்சணத்தி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், ஆமாம் என்பதற்குத் தலையாட்டும் வழக்கம் தவளைக் குலத்தில் கிடையாது. ஓணான்களுக்கு மட்டுமே உள்ள வழக்கம் அது.

மஞ்சணத்தி தவளையின் கண்ணைப் பார்த்தது. திறந்திருந்த கண்ணின் மேல் ஓர் ஈ நடந்துபோயிற்று. கண் மூடவில்லை.

கீச்சான் சின்னப் பறவை, பிள்ளைகளே. இரையை முள்ளில் குத்தி வைத்துத் தின்பது அதன் வழக்கம். ஆனால் வளர்ந்த ஓணானைப் பிடித்துக் குத்த அதற்கு வலு போதாது. ஓணான்தான் தானாக வர வேண்டும். தானாக மோவாயை வைக்க வேண்டும். தானாக, நன்றாக அழுத்தி, ஒரே ஒரு தடவை தலையாட்ட வேண்டும். மற்றதை முள் பார்த்துக்கொள்ளும். கொன்றை அப்படித்தான் சம்மதம் சொன்னது. இது அத்தனையும் மஞ்சணத்திக்கு அந்தக் கணத்தில் புரிந்துவிட்டது. அக்காளை நினைத்து அதன் நெஞ்சு வெடித்தது. ஆனால் அழுதாலும் தலை குலுங்கும். அது அழவில்லை.

"ஆரம்பிக்கலாமா?" என்றது கீச்சான். "தலையாட்டுங்க."

மஞ்சணத்தியின் கழுத்து, பிறந்ததிலிருந்து பழகிய பழக்கத்தில், தானாகவே கீழே இறங்கப் பார்த்தது. அது பல்லைக் கடித்துப் பிடித்துக்கொண்டது.

"அக்கா மாதிரி ஆகணும்னுதானே வந்தீங்க?"

கழுத்து துடித்தது. மஞ்சணத்தி அசையவில்லை.

"வெயில் ஜாஸ்தியா இருக்கு, இல்ல?"

அசையவில்லை.

கீச்சான் இன்னும் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தது. "பயமா இருக்காம்மா?" என்று மிகவும் கனிவாகக் கேட்டது.

அதுதான் எல்லாவற்றிலும் கடினமான கேள்வி. ஏனென்றால் அதற்கு உண்மையான பதில் ஆமாம். மஞ்சணத்தியின் உடம்பு முழுக்க, வால் நுனிவரை, ஆமாம் ஆமாம் என்று நடுங்கியது. தலையை மட்டும் அது விடவில்லை. அப்படியே, ஒவ்வொரு காலாகப் பின்னுக்கு எடுத்து வைத்தது. தோலிலிருந்து முள் விலகியது. கவட்டையிலிருந்து மோவாய் விலகியது.

பிறகு அது வாயைத் திறந்து, எந்த ஓணானும் வாயால் சொல்லாததைச் சொன்னது. "மாட்டேன்."

கிளையை விட்டுவிட்டது. தொப்பென்று மணலில் விழுந்தது.

கீச்சான் துரத்தவில்லை. கோபப்படவும் இல்லை. அலகை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேய்த்துக்கொண்டது. "பரவால்ல. யோசிச்சுட்டு வாங்க. நான் எங்கேயும் போகமாட்டேன்" என்று மேலேயிருந்து சொன்னது.

மஞ்சணத்தி திரும்பிப் பார்க்காமல் ஓடியது. பொட்டலின் ஓரத்தில் ஒரு குட்டித் தவளை தத்தித் தத்தி எதிரே வந்துகொண்டிருந்தது. வாய் காதுவரை அகலம். எல்லாத் தவளைக்கும் இருப்பதுதான்.

"அக்கா, வேலமரத்துக்கு இப்படித்தானே போகணும்? வாயச் சின்னதாக்கிக்கணும்" என்றது அது. "அங்கிருந்துதானே வரீங்க? வைத்தியர் ரொம்பக் கைராசிக்காரராமே?"

யாரோ அக்கா என்று கூப்பிட்டதும் மஞ்சணத்திக்கு அடக்கி வைத்த அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே பாதையின் குறுக்கே படுத்தது. நடந்தது முழுவதையும் சொன்னது. முள்ளைச் சொன்னது, ஈயைச் சொன்னது, கொன்றையின் பெயரைச் சொன்னது.

குட்டித் தவளை நம்பாமல் வேலமரத்தை எட்டிப் பார்த்தது. அங்கே காற்று வீசிக்கொண்டிருந்தது. "எல்லாரும் நல்லாருக்குன்னு தலையாட்டறாங்களே அக்கா. அதோ எங்க ஆளு ஒருத்தர்கூட ஆட்டறாரு."

"உங்க வீட்டுல யாராவது தலையாட்டி நீ பார்த்திருக்கியா?"

குட்டித் தவளை யோசித்தது. அப்பாவை யோசித்தது, அம்மாவை யோசித்தது. மறுபடி ஒரு தடவை மரத்தைப் பார்த்தது. அதன் பெரிய வாய் மெதுவாகத் திறந்தது. பின்பு திரும்பி, வந்த வழியே தத்திப் போயிற்று.

அந்த வைத்தியரிடம் போய்த் திரும்பி வந்த முதல் ஆள் மஞ்சணத்திதான். அவரைப் பற்றி அந்தக் காட்டில் எழுந்த முதல் குறையும் அது சொன்னதுதான்.

நீதி: குறை சொல்ல ஆளே இல்லாத வைத்தியரைத் தேடாதே, அவரிடம் போய் வீடு திரும்பியவரைத் தேடு.