பிச்சாண்டியா

குருவின் பெயரை ஒரு செடிக்குச் சூட்டுவதில் பெரிய சிரமம் ஒன்றுமில்லை. கடைசியில் ஓர் 'இயா' சேர்த்தால் லத்தீன் ஆகிவிடும். சூட்டிய பெயரை எடுக்க வேண்டி வரும்போதுதான் கை நடுங்கும்.

பொற்கொடிக்குக் கோடை முழுக்க நடுங்கியது.

அவளுடைய ஆசிரியர் நூர்தீன் மேற்கு மலை அடிவாரத்துக் கல்லூரி ஒன்றில் ஹெர்பேரியத்தைப் பார்த்துக்கொள்பவர். அது உலர்ந்த செடிகளின் கூடம். கிளையும் இலையும் பூவுமாக அழுத்தி உலர்த்தி, தடித்த தாளில் ஊசிநூலால் தைத்து, அலமாரி அலமாரியாக அடுக்கி வைத்திருப்பார்கள். அந்துருண்டை வாசம் வராந்தாவிலேயே வரவேற்கும். பொற்கொடி பள்ளிக்கூடத்தில் பல வருஷம் பாடம் நடத்திவிட்டு, நாற்பதைத் தாண்டி ஆராய்ச்சிக்கு வந்தவள். நூர்தீன் அவளைவிடப் பத்து வயது மூத்தவராக இருந்தால் அதிகம். 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார். அது மரியாதையா கிண்டலா என்று அவளுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இளவயதில் நூர்தீன் ஒரு காரியம் செய்திருந்தார். மலை உச்சியில், மேகம் தொட்டுப் போகிற இடங்களில், குறிஞ்சிப் புதர்களில் ஏழு வகை வளர்கின்றன. ஏழுக்கும் தடித்த இலை, ரோமம் அடர்ந்த தண்டு, தலைகவிழ்ந்த பூ. இவை குறிஞ்சியே அல்ல, தனி இனம் என்று சொல்லி அவற்றைப் பிரித்து வைத்தார். தாவரவியலில் ஒவ்வொரு செடிக்கும் இரண்டு பெயர் உண்டு. ஒன்று வீட்டுப்பெயர், மற்றது அதன் சொந்தப் பெயர். ஏழுக்கும் சேர்த்துப் புது வீட்டுப்பெயராகத் தன் குரு பிச்சாண்டியின் பெயரை வைத்தார். பிச்சாண்டியா. புத்தகங்கள் அதை ஏற்றுக்கொண்டன.

பிச்சாண்டி கல்யாணம் செய்துகொள்ளாமலே போய்ச் சேர்ந்தவர். பேர் சொல்ல ஒரு பிள்ளை இல்லை. அந்த ஏழு புதர்கள்தான் சொல்லிக்கொண்டிருந்தன.

பொற்கொடி அந்த ஏழின் மரபணுக்களைப் பார்க்கக் கிளம்பினாள். அவை எப்போது பிரிந்தன, எது மூத்தது, எது இளையது என்று அறியத்தான் ஆசைப்பட்டாள். வந்த விடை வேறாக இருந்தது. ஏழும் உடன்பிறப்புகளே இல்லை. கீழ்ச்சரிவில் இருக்கிற ஏழு வெவ்வேறு குறிஞ்சிகளுக்குப் பிறந்தவை. மனிதன் காலடி படுவதற்கு எத்தனையோ காலம் முன்னால், ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளாமல், தனித்தனியாக மலையேறியவை. ஒரே காற்றையும் ஒரே குளிரையும் தாங்கித் தாங்கி, ஒரே முகமாகிப் போனவை.

ஏழின் வம்சாவளியும் கிளைகிளையாக விரிந்த படத்தைக் கணினித் திரையில் பார்த்தபோது அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இப்படி ஒன்றைக் காண்பதற்காகவே இத்தனை வருஷம் உழைத்தோம் என்று நினைத்தாள். அதற்கு மறுகணமே பிச்சாண்டியின் ஞாபகம் வந்தது. ஏழும் ஒரே வீடு இல்லையென்றால் அந்த வீட்டுப்பெயர் நிற்காது. கட்டுரையை எழுதி முடித்தாள். எங்கும் அனுப்பவில்லை.

ஒரு காலையில் பொறுக்க முடியாமல் போய் நின்றாள். நூர்தீன் ஒரு காய்ந்த கிளையைத் தாளில் தைத்துக்கொண்டிருந்தார்.

"சார், ஒரு சந்தேகம்."

"கேளுங்க டீச்சர்."

"படிப்புச் சொல்லிக் குடுத்தவங்களையே தப்புன்னு சொல்லலாமா?"

"எங்கிட்ட படிச்சீங்கன்னா சொல்லித்தானே ஆகணும்" என்றார், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவள் சிரிக்கவில்லை. கட்டுரையை மேசைமேல் வைத்தாள்.

நூர்தீன் நூலை அறுத்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். படித்தார். கடைசிப் பக்கம் போய், மறுபடி படம் இருந்த பக்கத்துக்கு வந்தார். அங்கேயே நின்றுவிட்டார்.

"இதை அனுப்பல சார்" என்றாள் பொற்கொடி. "அனுப்பவும் மாட்டேன். வேற ஏதாவது எழுதிக்கிடுதேன். இது நம்ம ரெண்டு பேரோட போகட்டும்."

அவர் அது காதில் விழாதவர்போல் இருந்தார்.

"ஏழும் தனித்தனியாவா ஏறிச்சு?"

"ஆமா சார்."

"ஒண்ணை ஒண்ணு பார்த்ததுகூடக் கிடையாது?"

"கிடையாது."

"தனித்தனியா ஏறிப்போயி, ஒரே மூஞ்சியோட நிக்குதா!"

"ஆமா சார்."

"யா அல்லாஹ்" என்றார் மெல்ல. அவர் கண் நிறைந்துவிட்டது. அவள் அதைத் துக்கம் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டாள். நிமிர்ந்தபோது, முதல் தடவை யானை பார்க்கிற பிள்ளையின் முகம் அவருக்கு இருந்தது.

"நான் முப்பது வருஷம் அந்த மலையில ஏறி இறங்கினேன் டீச்சர். ஏழையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். இது தெரியலியே எனக்கு."

எழுந்து போய் ஓர் அலமாரியைத் திறந்தார். ஒரு தாளைக் கொண்டுவந்து அவள்முன் விரித்தார். நூறு வருஷத்துக்கு முந்தின கிளை. பூவின் நீலம் எப்போதோ போய்விட்டது. ஆனால் ஒவ்வோர் இதழின் நரம்பும் அப்படியே இருந்தது. ஏழில் ஒன்று அது.

ஹெர்பேரியத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் வைத்த பெயர் தப்பென்று இன்னொருவருக்குப் பட்டால், பழைய சீட்டைக் கிழிக்கக் கூடாது, அடிக்கவும் கூடாது. பக்கத்தில் தன் சீட்டை ஒட்ட வேண்டும். பெயர், கையெழுத்து, தேதி. யார் யாரோடு முரண்பட்டார்கள் என்பது செடி இருக்கும்வரை அங்கேயே இருக்கும்.

அந்தத் தாளில் மூன்று சீட்டுகள். ஒரு வெள்ளைக்காரர், பழுப்பேறிய மையில், ஏதோ ஒரு பெயர் எழுதியிருந்தார். அவருக்கு அடுத்து பிச்சாண்டி, குண்டுகுண்டான எழுத்தில், குறிஞ்சி இனம் என்று எழுதியிருந்தார். அடுத்தது நூர்தீனுடையது: பிச்சாண்டியா.

பொற்கொடி இந்தத் தாளை எத்தனையோ முறை எடுத்திருக்கிறாள். எப்போதும் கடைசிச் சீட்டை மட்டுமே படித்திருக்கிறாள். நடுச்சீட்டை இன்றுதான் படித்தாள்.

"ஐயா இதைக் குறிஞ்சின்னா சொன்னாங்க?"

"நான் இந்தச் சீட்டை ஒட்டுற அன்னிக்கு எதிர்க்க உக்காந்திருந்தாரு. 'குறிஞ்சிதான்டே, பிரிக்காத'ன்னாரு. நான் கேக்கல. 'உங்களுக்குக் கண்ணு மங்கிட்டு ஐயா'ன்னு சொல்லிட்டேன்."

"அவங்க கோவப்படலியா?"

"அவரு கோவப்பட்டிருந்தா எனக்குச் சௌரியமா இருந்திருக்கும். பசை காயுது, சீக்கிரம் ஒட்டுன்னு சொன்னாரு."

"அப்புறம் எதுக்கு அவங்க பேரையே வச்சீங்க?"

நூர்தீன் காதைச் சொறிந்தார்.

"பேச்சைத்தான் கேக்கல, பேரையாவது வைப்போம்னு. மனசு உறுத்திச்சு. புத்தகத்துல அச்சாகி வந்ததும் கொண்டுபோய்க் காட்டினேன். பார்த்தாரு. 'என் பேச்சைத் தள்ளிட்டு என் பேரைப் பிடிச்சுக்கிட்டியேடே'ன்னு சிரிச்சாரு. அதுக்கப்புறம் அதைப் பத்திப் பேசவே இல்ல."

பொற்கொடி தன் கட்டுரையைப் பார்த்தாள். நடுச்சீட்டைப் பார்த்தாள். அவள் எழுதியிருந்த முடிவு, ஒரு வார்த்தை பிசகாமல், அந்தக் குண்டெழுத்துக்காரர் சொன்னதுதான். கண்ணும் கைலென்ஸும் மட்டும் வைத்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். அவர் பெயரை எடுக்கிறோம் என்று பயந்துகொண்டிருந்தவள், அவர் வாக்கைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றாள்.

"ஆனா பேர் போயிருமே சார்" என்றாள் கடைசியில். "அந்த ஏழுதானே ஐயாவுக்குன்னு இருக்கு."

"போகட்டும். பேரு நான் குடுத்தது. சொல்லு அவரோடது." ஒரு வெற்றுச் சீட்டை எடுத்து நீட்டினார். "எழுதுங்க. சாயங்காலம் கட்டுரையையும் அனுப்பிருங்க."

அவள் எழுதினாள். குறிஞ்சி இனம் என்று எழுதும்போது கை நடுங்கவில்லை. கீழே தன் பெயர், கையெழுத்து, தேதி. பின்புறம் பசை தடவினாள்.

தாளில் இன்னும் கொஞ்சம் வெற்றிடம் இருந்தது. அதன் நட்டநடுவில், கோணாமல், சாமி படம் மாட்டுகிறவளைப்போல் சீட்டை வைத்தாள். விரலால் நான்கு மூலையையும் நீவினாள்.

"இத்தனை பேர் மாத்தி மாத்திச் சொல்லி, இப்பதான் சார் இதுக்கு ஒரு முடிவு வந்திருக்கு" என்றாள்.

நூர்தீன் குனிந்து பார்த்தார். பசை இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. ஒற்றை விரலால் சீட்டை மெல்ல விளிம்புக்குத் தள்ளினார்.

"ஓரமா ஒட்டுங்க டீச்சர். பின்னால வாறவங்களுக்கு எடம் வேணும்லா."