ஜெர்மனிக்குப் போன உதவியாளர்

எம்.எல்.ஏ. ரத்தினவேலு அரசுச் செலவில் ஜெர்மனிக்குக் குப்பை அள்ளுவதைப் பார்த்துவரப் போனார். உதவியாளர் இசக்கிக்குப் பதிலாக மச்சானைக் கூட்டிப்போனார். திரும்பியதும் இசக்கியிடம் ஒரு தாளை நீட்டினார்.

"நீதான் என்கூட வந்ததா கையெழுத்துப் போடுடா. மச்சான் செலவையும் அரசாங்கத்துல வாங்கிரலாம். முடியாதுன்னா நாளைக்கு வேலைக்கு வராதே."

இசக்கி பேனாவைத் திறந்தான்.

"போட்டுர்றேன் ஐயா. நாம அங்க இருந்தப்பதான் இங்க கட்சித் தலைவரோட அம்மா தவறிட்டாங்க. உங்க பேர்ல நான்தான் மாலை போட்டேன். இப்ப நானும் ஜெர்மனியில இருந்தேன்னா, உங்க மாலையே வரலைன்னு ஆயிரும். அடுத்த மாசம் தேர்தலுக்குச் சீட்டுக் குடுக்கப்போறது அவருதான்."

ரத்தினவேலு தாளைப் பிடுங்கிக் கிழித்தார்.

"உன்னை யாருடா ஜெர்மனிக்குக் கூட்டிட்டுப் போனா?" என்றார்.