வேடனைத் தேடி வந்த மான்

எப்போதோ ஒரு காலம். காட்டுக்கு வேலி போட மனிதர்கள் கற்றுக்கொள்ளாத காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் தேன்மலையைக் காரிக்கோன் என்ற தலைவன் ஆண்டு வந்தான். அவனுக்கு வேட்டைத்துணையாக உடும்பன் என்று ஒருவன் இருந்தான். பிடித்தால் விடமாட்டான், அதனால் அந்தப் பெயர். அவன் விடாமல் பிடித்திருந்தது தன் தலைவனைத்தான்.

இருவருக்கும் ஒரே வயது. ஒரே மழையில் நனைந்தார்கள், ஒரே சட்டியில் தின்றார்கள், ஒரே புலிக்குப் பயந்து ஒரே மரத்தில் ஏறினார்கள். காரிக்கோன் தலைவனாகி, தலையில் கண்ணி என்னும் பூமாலை சூடிய பிறகும் உடும்பனை 'டா' போட்டுத்தான் கூப்பிடுவான். உடும்பனுக்கு அது தேனும் தினைமாவும் தின்ற மாதிரி இருக்கும்.

தேன்மலை வேடருக்கு மூன்றே சட்டம். உறங்குகிற மானை எய்யாதே. தண்ணீரில் வாய் வைத்த மானை எய்யாதே. குட்டியோடு நிற்கிற மானை எய்யாதே. எழுப்பி விடு, அது ஓடட்டும், அப்புறம் உன் அம்பு, அதன் கால்.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஆண்டுக்கொரு முறை, வேங்கை பூக்கும் நாளில், தலைவன் ஒரே ஒரு துணையோடு காட்டுக்குள் போக வேண்டும். தன் அம்பால் ஒரு கலைமானை வீழ்த்திக் கொண்டுவர வேண்டும். கொண்டுவந்தால் தலைமைக்கு அடையாளமான மலை வில் இன்னும் ஓராண்டு அவனுக்கு. வெறுங்கையோடு வந்தால் வில் அடுத்த வாரிசுக்கு. காரிக்கோனுக்கு வாரிசு, மகள் வெட்சி. நல்ல பெண், குறி தவறாதவள். ஆனால் காரிக்கோன் விடுவானா? "இந்த வில்லை நான் இறக்கி வைக்கிற அன்னைக்கு என்னையும் குழியில இறக்கிடுங்க" என்று ஊர் நடுவே மார்தட்டிச் சொல்லி வைத்திருந்தான். முப்பது வருஷம் சொன்னதைச் செய்து காட்டியவன் ஆயிற்றே, ஊர் நம்பியது. எல்லாரையும்விட அதிகமாக நம்பியது உடும்பன்.

அப்புறம் காரிக்கோனுக்குக் கண் மங்க ஆரம்பித்தது.

சிரிக்காதீர்கள், நமக்கும் ஒருநாள் வரும். ஒரு மாலை அவன் எரிந்துபோன மரக்கட்டை ஒன்றைப் பார்த்து, "ஏன் மாமா அங்கேயே நிக்கிறீங்க, வாங்க" என்று கூப்பிட்டான். உடும்பன் அவனை வீட்டுக்குக் கூட்டி வந்தபடியே யோசித்தான். இந்தக் கண்ணோடு வேட்டைக்குப் போனால் வில் போய்விடும், வில் போனால் ஆள் போய்விடுவான். அவன் போய்விட்டால் உடும்பனை 'டா' என்று கூப்பிட உலகத்தில் யார் இருக்கிறார்கள்?

ஆகவே முதல் வருஷம் உடும்பன் ஒரு காரியம் செய்தான். முந்தின நாளே போய், ஒரு பள்ளத்தின் இருபக்கமும் வலையைக் கட்டினான். உள்ளே மாட்டிய மானுக்கு ஒரே வழி, அது காரிக்கோனின் அம்புக்கு நேரே வருகிற வழி. மான் விழுந்தது. ஊர் ஆடியது. உடும்பன் மனசுக்குள் கணக்குப் போட்டான்: உறங்கவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை, குட்டி இல்லை. சட்டம் ஒன்றும் உடையவில்லை.

இரண்டாம் வருஷம் கண் இன்னும் மங்கியது. உடும்பன் ஒரு கலைமானைப் பிடித்து, பின்னங்காலில் கொடி சுற்றிப் புதருக்குப் பின்னால் கட்டி வைத்தான். காரிக்கோன் எய்த அம்பு போய்ப் பக்கத்துப் புற்றில் சொருகிக்கொண்டது. உடும்பன் "விழுந்தது, ஐயா, விழுந்தது!" என்று கத்திக்கொண்டே ஓடி, அம்பைப் பிடுங்கி, கட்டிக்கிடந்த மானின் விலாவில் தன் கையாலேயே குத்தினான். மான் அவனையே பார்த்தது. அன்று விருந்தில் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டான்.

மூன்றாம் வருஷம் மழை பொய்த்தது. மான்கள் எல்லாம் மலை தாண்டிப் போய்விட்டன. பத்து நாள் அலைந்தும் ஒரு குளம்படிகூடக் கண்ணில் படவில்லை. உடும்பன் வீட்டுக் கொல்லையில் மட்டும் ஒரு மான் நின்றது. தாயைப் புலி கொண்டுபோக, தொப்புள்கொடி காயாத கன்றாக அவன் மடியில் தூக்கி வந்தது. செவலை என்று பெயர். அவன் கையிலிருந்து உப்புத் தின்று வளர்ந்து, இப்போது அழகாகக் கொம்பு வைத்த கலைமானாக நின்றது.

உடும்பன் அழுதான். அழுதுவிட்டு, விடியும் முன்பே செவலையைக் கூட்டிக்கொண்டு போய் மரங்கள் இல்லாத ஒரு புல்வெளியில் விட்டுவிட்டு வந்தான்.

வெயில் ஏறியதும் இரண்டு கிழவர்களும் கிளம்பினார்கள். ஊர் வாசலில் பறை முழங்கியது, பெண்கள் உலை வைத்தார்கள். புல்வெளிக்கு வந்ததும் உடும்பன் தலைவனின் முழங்கையைப் பிடித்து மெல்லத் திருப்பினான். "நேரா, ஐயா. இருபது அடி. மார்பு உயரம்." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

காரிக்கோன் நாணை இழுத்தான். இழுத்தவன், விடவில்லை. காதைச் சாய்த்தான்.

காய்ந்த புல் நொறுங்கும் சத்தம். போகிற சத்தம் அல்ல, வருகிற சத்தம். இருபது அடி பத்தடியானது, பத்தடி ஐந்தடியானது. செவலை நேரே வந்து, தலைவனின் கையில் இருந்த வியர்வையை, அது உப்புக் கரிக்கும் அல்லவா, சொரசொரத்த நாக்கால் நக்கியது.

காரிக்கோன் வில்லைத் தாழ்த்தினான். "உடும்பா, மான் வேடனைத் தேடி வருமாடா?"

உடும்பன் மானைப் பிடித்து விலக்கப் பார்த்தான்.

"போன வருஷம்?"

"காலைக் கட்டியிருந்தேன், ஐயா."

"அதுக்கு முந்தி?"

"வலை."

"அடப்பாவி!" என்றான் காரிக்கோன்.

உடும்பன் அவன் காலில் விழுந்தான். "என்னை அப்புறம் வெட்டிப் போடுங்க. இப்ப அம்பை விடுங்க, ஐயா. இது தூங்கல, தண்ணி குடிக்கல, குட்டி இல்ல. சட்டத்துக்குச் சரிதான். இங்க நம்மளைத் தவிர யாரும் இல்ல. வில்லு போனா நீங்க செத்துப்போவீங்களே!"

"யாருடா சொன்னது?"

"நீங்கதான் சொன்னீங்க, ஊர் நடுவே!"

"அது வெறும் வாய்ச்சவடால்டா, மடையா! அதைப் போய் நம்பினியா நீ?" என்றான் காரிக்கோன். சொல்லும்போதே அவனுக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு பாறையில் உட்கார்ந்து, மானின் கழுத்தைத் தடவிக்கொண்டே அழுதான். "ஓடவே தெரியாத உசிருடா இது. இது தூங்குதா, தண்ணி குடிக்குதான்னு எதுக்குடா பார்க்கணும்? எந்நேரமும் நம்மளை நம்பியே நிக்குதே. நம்ம பாட்டன்மார் நாலாவதா ஒரு சட்டம் போடலைன்னா, இப்படி ஒருத்தன் செய்வான்னு அவங்களுக்குத் தோணலைன்னு அர்த்தம்."

உடும்பன் தலையில் அடித்துக்கொண்டான். மூன்று வருஷமாக மனசு முணுமுணுத்ததை இப்போதுதான் காது கேட்டது.

ஊர் வாசலில் கூட்டம் காத்திருந்தது. முன்னால் உடும்பன், பின்னால் தலைவன், அவனுக்கும் பின்னால், தலைவனின் கண்ணிப்பூவை எட்டி எட்டிக் கடிக்கப் பார்த்தபடி, உயிரோடு ஒரு கலைமான். பறை பாதியில் நின்றது.

காரிக்கோன் எதையும் மறைக்கவில்லை. கண் போனதையும் வலை கட்டியதையும் கொடி சுற்றியதையும் சொன்னான். "மூணு வருஷமா இந்த வில்லு என்னுது இல்ல" என்றான்.

அவன் மனைவி வள்ளைதான் முதலில் வாயைத் திறந்தாள். "எனக்குத் தெரியும். வில்லுல இருந்து வந்த அம்பு எப்படி இறங்கும், கையால குத்துன அம்பு எப்படி இறங்கும்னு கறி அறுக்கிறவளுக்குத் தெரியாதா?"

பறையடிப்பவன் தலையைச் சொறிந்தான். "எனக்கும் தெரியும், ஐயா. அந்த வலையே என்னோடதுதான்."

வெட்சி தரையைப் பார்த்தாள். "கொடித்தழும்பை நான் பார்த்தேன், அப்பா. நீங்க வருத்தப்படுவீங்கன்னு சொல்லல."

காரிக்கோனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அட, உங்க பாசத்துல இடி விழ! என்னைத் தலைவன்னு கும்பிட்டுக்கிட்டே குழந்தையா ஆக்கி வச்சிருந்தீங்களா? ஊர் முழுக்க மனுஷங்க, எனக்கு உண்மையைச் சொன்னது இந்த ஒரு மான்!"

ஊர் தலைகுனிந்தது. அந்த நேரம் பார்த்து அந்த ஒரு மான் கண்ணிப்பூவைக் கடித்து இழுத்துவிட, வள்ளைக்குச் சிரிப்பு வந்தது. அவளைப் பார்த்து வெட்சிக்கு வந்தது. கடைசியில் காரிக்கோனுக்கே வந்துவிட்டது. வில்லை எடுத்து மகள் கையில் வைத்தான். "மூணு சட்டம் உனக்குத் தெரியும். நாலாவது இது: ஓட முடியாததை எய்யாதே. ஓட முடியாதபடி ஆக்கியும் எய்யாதே."

அவன் சாகவில்லை. கறி இல்லாத அந்த விருந்தில் தினைச்சோற்றையும் மொச்சையையும் இரண்டு தரம் வாங்கித் தின்றான்.

உடும்பனுக்குத் தண்டனை? அது மறுநாள் காலையில் கிடைத்தது. "செவலைக்குப் பயத்தைக் கத்துக்கொடு. நம்மளை நம்பினா அது பிழைக்காது" என்றான் காரிக்கோன். இருவரும் செவலையை மலைமேட்டுக்குக் கூட்டிப் போனார்கள். உடும்பன் மண்ணாங்கட்டியை எறிந்து "போ!" என்றான். விளையாட்டு என்று நினைத்து அது துள்ளி வந்தது. இரண்டாவது முறை எறிந்தான். தலையைத் தொங்கப்போட்டு, மெதுவாக வந்து நின்றது. மூன்றாவது முறை, பல்லைக் கடித்துக்கொண்டு, கம்பால் ஓங்கி ஒரு அடி கொடுத்து, காடே அதிரக் கத்தினான். செவலை அவனை ஒருகணம் பார்த்தது. பிறகு திரும்பி ஓடியது.

உடும்பன் கம்பைப் போட்டுவிட்டு முகத்தை மூடிக்கொண்டான். காரிக்கோன் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். "பாறை ஏறிடுச்சுடா. ஓடை தாண்டிடுச்சு. அப்பா, என்னா காலு!" என்றவன், தடவித் தடவி வந்து நண்பனின் தோளில் கை போட்டுக்கொண்டான்.

அடுத்த வேங்கை பூத்தது. வெட்சி காட்டுக்குப் போய், தன் அம்பால் வீழ்த்திய ஒரு கலைமானோடு மாலையில் திரும்பினாள். ஆனால் அவள் முகத்தில் ஒரு குறை. "அதுக்கு முன்னாடி ஒரு செவலைக் கலைமான், அப்பா. நாலு நாழிகை துரத்தினேன். காத்து மாறினதும் வாடை பிடிச்சு, ஒரே பாய்ச்சல். என்னை முட்டாளாக்கிட்டு மலை தாண்டிடுச்சு."

"தப்பிச்சிருச்சா?" என்று கேட்டான் உடும்பன்.

"தப்பிச்சிருச்சு, மாமா."

உடனே அந்த இரண்டு கிழவர்களும் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக் குதித்ததைப் பார்த்து, பாவம், வெட்சிக்கு ஒன்றுமே விளங்கவில்லை.

ஆகவே கேட்டவர்களே, தப்பிக்க வழியில்லாத உயிரை வீழ்த்துவது வீரம் ஆகாது, அப்படிப்பட்ட வெற்றியை ஒருவருக்குத் தேடிக் கொடுப்பது அன்பும் ஆகாது.