பாறை வளர்ந்த குளம்

காரைமுள் காட்டின் நடுவே ஒரு குளம் இருந்தது. அதில் தவளைகளும் நத்தைகளும் குடியிருந்தன. கரையில் காட்டுப்பன்றிகள் கிழங்கு தோண்டித் தின்னும். தோண்டிய மண்ணில் புழுக்கள் நெளியும். அதற்காகவே தவளைகள் பன்றிகளுக்குக் காவல் இருந்தன. சிறுத்தை வந்தால் கத்தி எச்சரிக்கும். மற்ற நேரத்தில் புழு தின்று தொப்பை வளர்க்கும்.

நத்தைகள் குளத்து நடுப்பாறையில், தண்ணீருக்கு நான்கு விரல் மேலே முட்டையிடும். குஞ்சு பொரித்த பிறகும் முட்டையின் வெள்ளைத் தடம் பாறையில் நிற்கும். ஆண்டுக்கு ஒரு வரிசை.

அந்த ஆண்டு முட்டையிட ஏறிய ஒரு நத்தை திடுக்கிட்டது. ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசைக்குக் கீழே இருந்தது! அது குளத்தைச் சுற்றி ஊர்ந்து பார்த்தது. பன்றிகள் தோண்டிய பள்ளங்கள் வழியே தண்ணீர் கசிந்து வெளியேறிக்கொண்டிருந்தது.

நத்தை தவளைத் தலைவன் தடித்தொண்டையிடம் போனது.

"தலைவரே, குளம் வற்றுகிறது! நீங்கள் காவலை நிறுத்தினால் பன்றிகள் பயந்து போய்விடும். பள்ளங்களைக் களிமண்ணால் அடைத்துவிடலாம்!"

"பன்றி போனால் புழு ஏது?" என்று சீறியது தடித்தொண்டை. "இதைச் சபையில் வைக்க வேண்டும். இரண்டு தரப்பையும் கேட்பதுதான் நியாயம்!"

பெரிய நியாயவான்! நாற்பது நத்தைகளும் தடங்களை அளந்து ஒரே முடிவைச் சொன்னன. அவை ஒரு தரப்பாம். மறு தரப்புக்குத் தவளைகள் ஒரு கொக்கை அழைத்து வந்தன. அது எதையும் அளந்ததில்லை. ஆழமில்லாத தண்ணீரில்தான் கொக்குக்கு வேட்டை சுலபம் என்பதும் ஒரு தவளைக்கும் உறைக்கவில்லை.

கொக்கு கழுத்தை நீட்டியது. "குளம் வற்றுகிறதா, பாறை வளர்கிறதா? யார் கண்டது?"

"பாறை எங்காவது வளருமா?" என்றது நத்தை.

"வளராது என்று நிரூபித்துவிட்டாயா? கேள்வி கேட்பதே குற்றமா?"

தவளைகள் கைதட்டின. இவ்வளவு அறிவாளியை அவை பார்த்ததே இல்லை!

சுண்டி என்ற தாய்த்தவளை முன்னால் தாவியது. "தண்ணீர் போனால் நாம் தாவி ஓடிவிடுவோம். என் தலைப்பிரட்டைகளுக்கு இன்னும் கால்கூட முளைக்கவில்லையே! அவை எங்கே போகும்?"

"பிள்ளைகளைக் காட்டிப் பயமுறுத்தாதே!" என்றது தடித்தொண்டை.

அந்த நேரம் பார்த்து ஒரு தூறல் விழுந்தது. குளம் அரை விரல் உயர்ந்தது. "வற்றுகிற குளம் உயருமா? நத்தைகள் புளுகர்கள்!" என்று தவளைகள் குதித்தன.

பிறகு வாக்கெடுப்பு. தவளைச் சபையில் எந்தப் பக்கம் சத்தம் அதிகமோ அந்தப் பக்கம்தான் உண்மை. மூளைக்கு அங்கே வேலை கிடையாது. நத்தைகளுக்குச் சத்தம் வராது. தலைப்பிரட்டைகளுக்குத் தொண்டையே இல்லை. சுண்டி மட்டும் உயிரைக் கொடுத்துக் கத்தியது. பாறை வளர்கிறது என்று சபை முடிவு செய்தது.

சுண்டியும் நத்தைகளும் தாங்களாகவே பள்ளங்களை அடைக்கப் பார்த்தன. அவை ஒன்றை அடைப்பதற்குள் பன்றிகள் நான்கைத் தோண்டின. கோடை வந்தது. பாறை அடிவரை தெரிந்தது. "எவ்வளவு உயரம் வளர்ந்துவிட்டது பாருங்கள்!" என்று அப்போதும் சில தவளைகள் வியந்தன.

கடைசியில் பாறையடியில் ஒரு குட்டை மட்டுமே மிஞ்சியது. அதற்குள் எல்லாத் தலைப்பிரட்டைகளும் நெருக்கியடித்துத் துடித்தன. அவற்றில் தடித்தொண்டையின் பிள்ளைகளும் இருந்தன. கொக்கு நிதானமாக நடந்து வந்து குட்டைக்குள் நின்றது.

"பாவி! பாறை வளர்கிறது என்றாயே!" என்று அலறியது தடித்தொண்டை.

"நான் எப்போது சொன்னேன்? கேள்விதானே கேட்டேன்!" என்றது கொக்கு. சொல்லிவிட்டுக் குனிந்து ஒரு கொத்துக் கொத்தியது. பிறகு இன்னொரு கொத்து.

மற்ற தவளைகள் வேறு குளம் தேடித் தாவிவிட்டன. நத்தைகள் சேற்றில் புதைந்து ஓட்டின் வாயை மூடிக்கொண்டன. சுண்டி மட்டும் தலைவனின் முகத்துக்கு நேரே வந்து நின்றது.

"கத்து! சபையில் கத்தினாயே, அதேபோல் இப்போது கத்து! தண்ணீர் வருகிறதா பார்ப்போம்!"

தடித்தொண்டை வாயைத் திறந்தது. வறண்ட தொண்டையிலிருந்து சத்தம் வரவில்லை.

பிடிக்காத உண்மையைக் கூச்சல் போட்டு ஜெயிப்பவர்கள், அந்த வெற்றிக்குத் தங்கள் பிள்ளைகளையே பலி கொடுக்கிறார்கள்.