மகராசியின் தாடை

காடு முடிந்து கொய்யாத் தோட்டம் தொடங்குகிற இடத்தில் ஓர் ஓட்டு வீடு இருந்தது, பிள்ளைகளே. வீட்டுக்குப் பின்னால் ஒரு கூண்டு. கூண்டுக்குள் மகராசி என்கிற வெள்ளை முயல்.

மகராசிக்குப் பெருமை அதிகம். தண்ணீர்க் கிண்ணம், வைக்கோல், கம்பி என்று உள்ளே இருந்த எல்லாவற்றிலும் தாடையைத் தேய்த்து வைத்திருந்தது. முயல் தாடையைத் தேய்த்துவிட்டால் அந்தப் பொருள் அதற்கே சொந்தம். முயல்களின் சட்டம் அது.

வீட்டுக்கார ரெபேக்கா தினமும் காலையில் கூண்டைத் திறந்து வைப்பாள். "கொஞ்சம் ஓடியாடிட்டு வாடி தங்கம்" என்பாள். தங்கம் அசையாது. உட்கார்ந்து உட்கார்ந்தே அதன் பின்னங்கால்கள் வலுவிழந்து வந்தன. ஒருநாள் எழுந்து நிற்கப் பார்த்துப் பொத்தென்று சரிந்தது.

அங்கே மேய்ந்துகொண்டிருந்த கிடா அதைப் பார்த்துவிட்டது.

"ஏம்மா மகராசி, இப்படியே கிடந்தா அப்புறம் நடக்கவே முடியாது. வெளிய வா."

"அரண்மனையை விட்டுட்டு ராணி எதுக்கு வெளிய வரணும்?"

"அரண்மனையா? நாலு பக்கம் கம்பி, நடுவுல உன் புழுக்கை."

"உன்னோடது மட்டும் சந்தனமாக்கும்."

கிடாவுக்குத் தெரிந்தது ஒரே வழி. கொம்பால் கூண்டை முட்டியது. மகராசி மூலையில் போய் ஒடுங்கிக்கொண்டது.

கொய்யா மரத்திலிருந்து மைனா இறங்கி வந்தது. யார் குரலையும் அச்சு அசலாகப் பேசுகிற மைனா.

"தள்ளுங்க அண்ணே. இது நம்ம வேலை" என்றது.

முதலில் நாயைப் போலக் குரைத்தது. மகராசி தலையை வைக்கோலுக்குள் புதைத்தது. அடுத்து ரெபேக்காவின் குரலில், "மல்லித்தழை வச்சிருக்கேன், வாடா கண்ணு" என்று குழைந்தது.

வைக்கோலுக்குள்ளிருந்து பதில் வந்தது. "ரெபேக்கா இப்போதான் குளிக்கப் போனா. மல்லித்தழையை நீயே தின்னு."

கிடா தாடி ஆட ஆடச் சிரித்தது. மானம் போன மைனா, கூண்டு வாசலில் கிடந்த செங்கல்மேல் உட்கார்ந்து யோசித்தது. யோசனையில் அலகைச் செங்கல்லில் இப்படியும் அப்படியும் தீட்டியது.

வைக்கோல் அசைந்தது. "அங்க என்ன பண்றே?"

மைனா ஓரக்கண்ணால் பார்த்தது. முயலின் காது இரண்டும் விறைத்து நின்றன. 'ஓகோ' என்று நினைத்துக்கொண்டது மைனா.

"ஒண்ணுமில்லையே. என் செங்கல்லைத் துடைக்கிறேன்."

"உன் செங்கல்லா? அது என் வாசல்ல கிடக்குது."

"கிடந்தா? உன் தாடை அதுல பட்டிருக்கா?"

மகராசி கழுத்தை நீட்டியது. எட்டவில்லை. ஒரு முன்னங்கால் வெளியே வந்தது. மற்றொன்றும் வந்தது. பிறகு உடம்பு முழுவதும் வந்து, செங்கல்லில் தாடையை அழுத்தித் தேய்த்தது.

"சரிதான், உன்னுது" என்றது மைனா. "ஆனா அந்தத் துவைக்கிற கல்லு என்னுது." பறந்துபோய் அதிலும் அலகைத் தீட்டியது.

அன்று துவைக்கிற கல் மகராசிக்குச் சொந்தமானது. மறுநாள் தண்ணீர்த் தொட்டி. அதற்கடுத்து வாழைமரம். மைனா ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தள்ளிப்போய் உட்கார்ந்தது. மகராசி முதலில் தவழ்ந்தது, பிறகு நடந்தது, பிறகு தத்தித் தத்தி ஓடியது.

கடைசியில் மைனா கொய்யா மரத்தடிக்குப் போனது. நடுவே ஒரு வாய்க்கால். மகராசி தாவியது. பாதி வழியில் தொப்பென்று தண்ணீரில் விழுந்தது.

கிடா பதறியது. "வேணாம்மா. என் முதுகுல ஏறிக்கோ, நான் கொண்டு விடுறேன்."

"யாரும் என்னைத் தொடாதீங்க" என்றது மகராசி. கரையேறி உடம்பை உதறியது. பின்னால் நகர்ந்தது. ஓடிவந்து ஒரே தாவல்.

அக்கரையில் நாலு காலும் ஊன்றி நின்றது. மரத்தில் தாடையைத் தேய்த்தது. பிறகு பின்னங்கால்களில் நிமிர்ந்து எழுந்து, சாயாமல் நின்று, தோட்டம் முழுவதையும் ஒரு சுற்றுப் பார்த்தது.

"எல்லாம் நம்ம தந்திரம்னு சொல்லிடலாமா?" என்று கிடா மைனாவின் காதைக் கடித்தது.

"நம்ம தந்திரமா? தாண்டினது யார் கால் அண்ணே?" என்றது மைனா. அதையும் தன் சொந்தக் குரலில் சொன்னது.

மகராசி திரும்பிப் பார்த்தது. "அந்தப் பூசணிக்கொடி யாருது?"

"இன்னும் யாருதும் இல்ல."

மகராசி காற்றில் ஒரு திருகு திருகி, பின்னங்கால் இரண்டையும் உதறிவிட்டு, பூசணிக்கொடியை நோக்கிப் பாய்ந்து ஓடியது.

நீதி: விரட்டப்படுகிறவர் மூலைக்குள் ஒடுங்குவார், தம் பெருமைக்காகப் புறப்படுகிறவர் வாய்க்காலையும் தாண்டுவார்.